ஏ.டி.எம்.மில் நீங்கள் எடுக்காத பணம்: நஷ்டம் யார் தலையில்?

மாதத்தின் முதல் தேதி, மாலை ஆறே முக்கால் மணி. பென்ஷன் எடுக்கப் போன சித்தப்பாவுக்கு ஏ.டி.எம். திரை கொஞ்சம் குழப்பிவிட்டது. பின்னால் நின்ற பையன் “இப்படிச் செருகுங்க ஐயா” என்று கார்டை வாங்கிச் செருகிவிட்டு ஒதுங்கி நின்றான். சித்தப்பா பின் நம்பரை அழுத்தினார், 5,000 ரூபாய் வந்தது. பையனே கார்டை எடுத்துக் கையில் கொடுத்தான். அதே வங்கி, அதே நிறம். ஆனால் அது அவருடைய கார்டு இல்லை.

7.12க்கு ஒரு பத்தாயிரம், 7.13க்கு இன்னொரு பத்தாயிரம் போனதாக எஸ்.எம்.எஸ். வந்தது. அவர் பெங்களூரில் இருக்கும் மகனைக் கூப்பிட்டார், என்னைக் கூப்பிட்டார், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டார். வங்கியின் உதவி எண்ணைக் கூப்பிட்டபோது இரவு 11.22. பேசியவர் விவரம் கேட்டு ஒரு புகார் எண் கொடுத்தார். ஆனால் கார்டு முடங்கவில்லை. 12.04க்கும் 12.05க்கும் மறுபடி இரண்டு பத்தாயிரம் போயின. அவர் கணக்குக்கு ஒரு நாள் வரம்பு 25,000 ரூபாய். தேதி மாறியதும் புது வரம்பு திறந்துவிட்டது, திருடனுக்கு அது தெரிந்திருந்தது.

மொத்தம் 40,000 ரூபாய். இந்த நஷ்டத்தில் எவ்வளவு வங்கியுடையது, எவ்வளவு சித்தப்பாவுடையது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் மூன்று மாதம் அலைந்தேன். அதில் கற்றதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், நடந்தது என்ன வகை என்று பாருங்கள்

ஏ.டி.எம். புகார் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. நீங்களே எடுக்கப் போய், கணக்கில் கழிந்து, இயந்திரம் பணம் தராவிட்டால் அது தோல்வியடைந்த பரிவர்த்தனை. அதற்கு 2019 செப்டம்பரில் வந்த தனி விதி இருக்கிறது. பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகவே கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டியதில்லை, வங்கி தானாகவே தர வேண்டும். தராவிட்டால் கேளுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, நீங்கள் எடுக்கவே இல்லை, வேறொருவர் எடுத்திருக்கிறார் என்ற வகை. இதற்கு அடிப்படை, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட வாடிக்கையாளர் பாதுகாப்புச் சுற்றறிக்கை. கூட்டுறவு வங்கிகளுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் அதே போன்ற விதி வந்தது. இதை வைத்து ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஒரு கொள்கை வகுத்து இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். புகார் எழுதும் முன் அதன் இன்றைய பதிப்பை ஒருமுறை பாருங்கள். சில வங்கிகள் விதியைவிடக் கொஞ்சம் தாராளமாகவே எழுதியிருக்கும்.

தவறு யாருடையது: மூன்று கூடைகள்

சுற்றறிக்கையைப் படித்தால் தலை சுற்றும். ஆனால் உள்ளே இருப்பது மூன்றே கூடைகள்.

வங்கியின் பக்கம் குறை இருந்தால் உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். நீங்கள் தகவல் சொன்னீர்களா, எப்போது சொன்னீர்கள் என்பதெல்லாம் கணக்கில்லை. வங்கி ஊழியர் உடந்தை, வங்கியின் கணினியில் ஓட்டை போன்றவை இதில் வரும். 2018 ஆகஸ்ட்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் நடந்தது நினைவிருக்கலாம். வங்கியின் கணினிக்குள் புகுந்து, போலிக் கார்டுகளை வைத்து 28 நாடுகளில் உள்ள ஏ.டி.எம்.களில் பணத்தை உருவினார்கள். மொத்தம் 94 கோடி ரூபாய்க்கு மேல் போனது. இப்படிப்பட்ட திருட்டில் வாடிக்கையாளர் எதுவும் செய்திருக்க முடியாது, அதனால் அவர் தலையில் எதுவும் வைக்க முடியாது.

உங்கள் மீதும் தவறில்லை, வங்கி மீதும் தவறில்லை, இடையில் எங்கோ கசிந்தது என்றால் அது மூன்றாம் தரப்புக் கூடை. கார்டு செருகும் இடத்தில் ஸ்கிம்மர் என்ற திருட்டுக் கருவியை வைத்து நகல் எடுப்பது பெரும்பாலும் இதில்தான் வரும். இங்கே நேரம்தான் எல்லாம். வங்கியிடமிருந்து தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஒரு பகுதி உங்களுடையது. அதற்கும் மேல் போனால் அந்த வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அது.

மூன்றாவது கூடை உங்கள் கவனக்குறைவு. பின் நம்பரை யாரிடமாவது சொன்னது, கார்டின் உறையிலேயே எழுதி வைத்தது போன்றவை. இதில் வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் முழுவதும் உங்கள் நஷ்டம். சொன்ன பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் நஷ்டம். இந்த இரண்டாவது பாதியைக் கிளையில் யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

வங்கிகள் முதல் பதிலிலேயே எல்லாப் புகாரையும் மூன்றாவது கூடையில் போடப் பார்க்கும். “சரியான பின் நம்பர் போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள், எனவே நீங்கள்தான் பொறுப்பு” என்று ஒற்றை வரி வரும். அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. பின் நம்பர் சரியாக இருந்தது என்பதற்கும், அதை நீங்கள் யாரிடமோ கொடுத்தீர்கள் என்பதற்கும் இடையே தூரம் அதிகம். அந்த இடைவெளியில் ஒரு ரகசியக் கேமராவே இருக்கலாம்.

நாட்களை எண்ணும் முறை

வங்கியிலிருந்து தகவல் வந்த நாளை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. வேலை நாள் என்பது உங்கள் கிளையின் வேலை நாள். இரண்டாம் சனிக்கு முந்தைய வெள்ளி இரவு எஸ்.எம்.எஸ். வந்தது என்று வையுங்கள். சனி விடுமுறை, ஞாயிறு விடுமுறை. திங்கள் முதல் நாள், செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. புதனுக்குள் சொன்னால் பூஜ்யப் பொறுப்புக்குள் வந்துவிடுவீர்கள்.

அடுத்து, 4 முதல் 7 நாள் கணக்கு. சேமிப்புக் கணக்குக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய், குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000, பெரிய நடப்புக் கணக்குகளுக்கு 25,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வரம்பு சம்பவத்துக்கு அல்ல, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும். பரிவர்த்தனைத் தொகை, இந்த வரம்பு, இரண்டில் எது குறைவோ அது உங்களுடையது. ஏ.டி.எம். திருடன் 40,000த்தை ஒரே தடவையில் எடுப்பதில்லை, பத்தாயிரம் பத்தாயிரமாக நான்கு தடவை எடுப்பான். அப்போது நான்கு பத்தாயிரமும் வரம்புக்குள்ளேயே வந்துவிடும், முழு 40,000மும் உங்கள் தலையில். அதே 40,000 ஒரே ஆன்லைன் பரிவர்த்தனையாகப் போயிருந்தால் உங்களுக்கு 10,000தான். ஆக, சேமிப்புக் கணக்கிலிருந்து ஏ.டி.எம். வழியாகப் போன பணத்துக்கு நான்காம் நாள் புகார் பெரும்பாலும் ஒன்றும் தராது. மூன்று நாள்தான் கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நிமிடம்

மகனைக் கூப்பிடாதீர்கள், என்னைப் போன்ற அண்ணன் மகனையும் கூப்பிடாதீர்கள். முதலில் கார்டை பிளாக் பண்ணுங்கள். வங்கியின் செயலி கைபேசியில் இருந்தால் அதிலேயே முடியும். அழைத்துக் காத்திருப்பதைவிட வேகம். இல்லாவிட்டால் வங்கியின் 24 மணி நேர உதவி எண். அந்த எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், போலி எண் மேலே வந்து நிற்கும். அதில் பேசினால் மிச்சமும் போகும். கார்டின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ இருக்கும் எண்ணை இப்போதே கைபேசியில் சேமித்து வையுங்கள். கார்டே கையைவிட்டுப் போனால் அதன் பின்புறம் அச்சடித்த எண்ணும் போய்விடும் என்பது சித்தப்பா வீட்டில்தான் எனக்கு உறைத்தது.

பேசும்போது இரண்டைத் தனித்தனியாகக் கேளுங்கள்: “கார்டு முடங்கிவிட்டதா?”, “இந்தப் பரிவர்த்தனைகள் என்னுடையவை அல்ல என்று புகார் பதிவாகிவிட்டதா?” இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்று நடந்து மற்றது நடக்காமல் போவதுண்டு. புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பேசிய நேரமும் எத்தனை நிமிடம் என்பதும் அதில் தெரிய வேண்டும்.

அடுத்த அழைப்பு 1930. தேசிய சைபர் கிரைம் உதவி எண் இது. பணம் இன்னொரு கணக்குக்குப் போயிருந்தால் வழியிலேயே நிறுத்திவைக்க முயல்வார்கள். ரொக்கமாக எடுத்துவிட்ட பணத்தை நிறுத்த முடியாதுதான். ஆனால் உங்கள் புகாரின் நேரம் அரசாங்கப் பதிவில் ஏறிவிடும். மறுநாள் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்துக் குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்குங்கள்.

கார்டு மாற்றப்பட்ட வழக்கு என்றால், உங்கள் கைக்கு வந்த அந்த வேற்றுக் கார்டை உடைத்துப் போடாதீர்கள். அதுவும் சாட்சி. சித்தப்பாவிடம் இருந்த கார்டில் ஒரு பெண்ணின் பெயர் அச்சாகியிருந்தது. அவருக்கும் எங்கோ ஓர் ஏ.டி.எம்.மில் ஒரு பையன் உதவி செய்திருக்க வேண்டும்.

கடிதம்: இங்கேதான் பலர் தோற்கிறார்கள்

நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தது விடுப்புக் கடிதம். “பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்” என்று தொடங்கி, தப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒரு மன்னிப்பில் முடியும். வங்கிக்கு எழுதும்போதும் அதே கை அதே போக்கில் ஓடுகிறது. “என் கவனக்குறைவால்”, “தெரியாமல்”, “தயவுகூர்ந்து மன்னித்து” என்று மரியாதைக்காக எழுதுவதெல்லாம் பிறகு ஒப்புதல் வாக்குமூலமாக நிற்கும்.

சித்தப்பா மறுநாள் காலை தனியாகக் கிளைக்குப் போனார். மேசையில் இருந்தவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாவது வரி இப்படி இருந்தது: “உதவிக்கு வந்த நபரிடம் என் ரகசிய எண்ணைத் தெரிவித்துவிட்டேன்.” அவர் தெரிவிக்கவே இல்லை. அவர் அழுத்தும்போது பக்கத்தில் நின்றவன் பார்த்தான். “ரெண்டும் ஒண்ணுதானேப்பா?” என்று என்னிடம் கேட்டார். ஒன்றில்லை சித்தப்பா.

பொய் எழுதச் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் எழுதுங்கள், ஊகத்தையும் பழியையும் எழுதாதீர்கள். மாதிரிக்கு:

“என் சேமிப்புக் கணக்கிலிருந்து கீழ்க்கண்ட நான்கு பரிவர்த்தனைகள் (தேதி, நேரம், தொகை, ஏ.டி.எம். இடம்) நடந்ததாக எஸ்.எம்.எஸ். வந்தது. இவற்றை நான் செய்யவில்லை, செய்ய யாருக்கும் அனுமதி தரவும் இல்லை. இன்ன தேதி இன்ன நேரத்தில் உதவி எண்ணில் தெரிவித்தேன். புகார் எண் இது. ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் பாதுகாப்பு விதிகளின்படி தொகையைத் திரும்ப வரவு வைக்கவும். கீழ்க்கண்ட ஆவணங்களைப் பாதுகாத்து நகல் தரவும்.”

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். அதையே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பதிவுத் தபாலிலும் போட்டுவிடுங்கள். இயந்திரம் வேறு வங்கியுடையதாக இருந்தாலும் புகார் உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குத்தான். அங்கே போ, இங்கே போ என்று அலைய விடுவார்கள், அலையாதீர்கள்.

கேட்க வேண்டிய ஆவணங்கள்

முதலாவது சி.சி.டி.வி. பதிவு. பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் முதல் வாரத்திலேயே “பாதுகாத்து வையுங்கள்” என்று எழுத்தில் கேட்டுவிட வேண்டும். உங்களுக்கு நேரே தர மறுக்கலாம். காவல்துறை கேட்டால் கொடுப்பார்கள்.

இரண்டாவது, இயந்திரத்தின் ஜர்னல் பதிவு. ஒவ்வொரு நொடியும் இயந்திரம் என்ன செய்தது என்று வரிவரியாக அதில் இருக்கும். அதோடு, கார்டு எப்படிப் படிக்கப்பட்டது என்ற விவரத்தையும் கேளுங்கள். பரிவர்த்தனைப் பதிவில் அதற்கு ஒரு குறியீடு உண்டு: 05 என்று தொடங்கினால் சிப், 90 என்றால் பின்னால் இருக்கும் கறுப்புக் காந்தப் பட்டை. கார்டு உங்கள் பர்ஸிலேயே இருக்கும்போது, காந்தப் பட்டை வழியாகப் பணம் போயிருந்தால் யாரோ நகல் எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. பட்டையை நகல் எடுப்பது சுலபம், சிப்பை எடுப்பது கடினம். அதனால்தான் 2018 முடிவுக்குள் எல்லாக் கார்டையும் சிப் கார்டாக மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாவது, இயந்திரத்தில் மீதிப் பணம் எண்ணிய அறிக்கை. பணம் வெளியே வராத வழக்குகளுக்கு இது உயிர்.

ஆனால் ஆவணம் மட்டுமே காப்பாற்றிவிடாது என்பதற்குப் பெங்களூரில் ஒரு வழக்கு இருக்கிறது. 2013 நவம்பரில், பேறுகால விடுப்பில் இருந்த ஒரு பெண் தன் கார்டையும் பின் நம்பரையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். சீட்டு வந்தது, பணம் வரவில்லை. வங்கி மறுத்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, அந்த இயந்திரத்தில் 25,000 ரூபாய் கூடுதலாக இருந்ததைக் காட்டும் அறிக்கையையே வாங்கிவிட்டார்கள். அப்படியும் 2018இல் நுகர்வோர் மன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. கார்டு மற்றவருக்கு மாற்றித் தரக் கூடியதல்ல, கணவராக இருந்தாலும் பின் நம்பரைச் சொன்னது விதிமீறல் என்பதே காரணம். எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. இயந்திரத்துக்குள் மிச்சமிருந்த பணம் யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனாலும் அம்மாவின் கார்டு மகனிடம், மனைவியின் கார்டு கணவனிடம் இருக்கும் நம் வீடுகளில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

10, 90, 30

தகவல் சொன்ன 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். காப்பீட்டுப் பணம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பணம் போன தேதியிலிருந்தே வட்டிக் கணக்கு சேர வேண்டும். பல வங்கிகள் வரவு வைத்துவிட்டு, விசாரணை முடியும்வரை அதை எடுக்க முடியாமல் முடக்கி வைக்கும். பார்த்து மகிழ்ந்து செலவுத் திட்டம் போட்டுவிடாதீர்கள். 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ, பொறுப்பு யாருடையது என்று நிர்ணயிக்க முடியாவிட்டாலோ, விதிப்படியான தொகையை உங்களுக்குத் தந்துவிட வேண்டும்.

30 நாளில் வங்கி பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் பதியலாம். உதவிக்கு 14448. நேரே முதலில் ஆம்புட்ஸ்மனிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்த ஆதாரம் வேண்டும். அதே விஷயம் நீதிமன்றத்தில் இருந்தாலும் எடுக்கமாட்டார்கள். அதனால் முதலில் ஆம்புட்ஸ்மன், பிறகு தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

மேல்மனுவில் சொல்ல இரண்டு தீர்ப்புகள் கையில் இருக்கட்டும். எஸ்.எம்.எஸ். வந்தும் வாடிக்கையாளர் பதில் சொல்லவில்லை என்ற காரணத்தை மட்டும் வைத்து வங்கி தப்பிக்க முடியாது என்று 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அதுவும் ஏ.டி.எம். வழக்குதான். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 94,204 ரூபாய் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு வங்கியே பொறுப்பு என்பதை உறுதி செய்தது. அது ஆன்லைன் மோசடி. அவர் 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்திருந்தது அவருக்குப் பெரிய பலமாக இருந்தது.

இன்றைக்கே செய்யக் கூடியவை

கார்டின் ஏ.டி.எம். வரம்பைச் செயலியில் குறைத்து வையுங்கள். மாதம் 10,000 எடுப்பவருக்கு நாள் வரம்பு 25,000 எதற்கு? வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்புக்கில் பழைய கைபேசி எண் இருந்தால் மாற்றுங்கள். ஸ்டேட் வங்கி வாடிக்கையாளர்களுக்கு, அந்த வங்கியின் இயந்திரத்தில் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் எடுக்க ஓ.டி.பி. வேண்டும். கூட்டமில்லாத வேறு வங்கியின் இயந்திரத்தைத் தேடிப் போவதற்கு முன் அதை யோசியுங்கள். ஆதார் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்தாதவர்கள், ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடலாம். கார்டே இல்லாமல் பணம் போகும் வழி அது.

அப்புறம் சித்தப்பாவின் 40,000. வங்கியின் முதல் பதில் நான்கு பரிவர்த்தனைக்கும் சேர்த்தே “பின் நம்பர் பகிரப்பட்டது” என்று வந்தது. நான் அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து மறுபடி எழுதினேன்: 11.22, ஆறு நிமிடம், புகார் எண். கவனக்குறைவு என்றே வைத்துக்கொண்டாலும் 12.04க்குப் போனது தகவல் சொன்ன பிறகுதானே? 63ஆம் நாள் 20,000 ரூபாய் கணக்கில் ஏறியது, விளக்கம் ஏதும் இல்லாமல்.

முதல் இருபதாயிரத்துக்கு ஆம்புட்ஸ்மனிடம் போனோம். வங்கி தன் பதிலோடு ஒரே ஒரு ஆவணத்தை இணைத்திருந்தது. சித்தப்பாவின் கையெழுத்துக் கடிதம், மூன்றாவது வரிக்கு அடியில் பென்சில் கோடு. புகார் முடித்துவைக்கப்பட்டது.